அம்மாவின் ஸ்கேனில் தெரிந்த கட்டி

2021 நவம்பரில் அம்மாவுக்கு இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக வலி வந்தது. சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று எங்கள் ஊர் மருத்துவர் சந்தேகப்பட்டு, மருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதா சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் கல் எதுவும் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பத்தியில், இரைப்பையின் மேற்பகுதியில் கட்டி போன்ற தடிப்பு இருக்கிறது, இடது சிறுநீரகத்துக்கு மேலே நெறிக்கட்டிகள் பெருத்திருக்கின்றன, புற்றுநோய்க்கு வாய்ப்பு இருப்பதால் எண்டோஸ்கோப்பி செய்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு அப்போது 58 வயது. அப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அன்றிரவு நாங்கள் இருவரும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

நான்கு நாள் கழித்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பிக்கு நாள் கிடைத்தது. சதை எடுப்பதற்கான ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. அம்மாவை உள்ளே அழைப்பதற்குச் சற்று முன்னால் மூத்த மருத்துவர் ஒருவர் வந்து, நாங்கள் கொண்டு போயிருந்த பழைய காகிதங்களை ஒன்றுவிடாமல் புரட்டினார். அதே சி.டி. அறிக்கையில் எல்லோரும் தாண்டிப் போயிருந்த இன்னொரு வரி இருந்தது: மண்ணீரல் பெருத்திருக்கிறது, நீளம் 15 செ.மீ. அவர் அதன் கீழே கோடு போட்டார். இரத்தப் பரிசோதனைத் தாளில் பிளேட்லெட் (இரத்தத் தட்டணுக்கள்) 78,000 என்று குறைவாக இருந்ததற்கும் கோடு போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னைக்குச் சதை எடுக்க வேண்டாம். அது கட்டிதானான்னு முதல்ல தெரியணும். டாப்ளர் பார்த்துட்டு வாங்க" என்றார். டாப்ளர் என்பது இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

அம்மாவின் இரைப்பையில் இருந்தது கட்டியே இல்லை என்பதையும், இரத்தம் நிரம்பி முறுக்கிக்கொண்டு கிடந்த சிரைக் கூட்டம் அது என்பதையும், அதைக் கிடுக்கியால் கிள்ளியிருந்தால் எளிதில் நிறுத்த முடியாத இரத்தப்போக்கு ஏற்பட்டிருக்கும் என்பதையும் அன்று மாலைக்குள் தெரிந்துகொண்டேன். அந்த அறிக்கையை எழுதியவர் மீது எனக்கு இன்று கோபம் இல்லை. கல் தேடுவதற்காக எடுத்த படம் அது. மருந்து ஏற்றாத சி.டி.யில் சிரையும் நெறிக்கட்டியும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் தெரியும். ஆனால் மண்ணீரல் பெருத்திருப்பதை அறிக்கையின் நடுவில் எழுதியவர், கடைசிப் பத்தியை எழுதும்போது அதையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும் என்ற வருத்தம் மட்டும் இருக்கிறது.

டாப்ளர் அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. அம்மாவின் வயிற்றில் களிம்பைத் தடவி, மருத்துவர் கருவியை நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்தபோது, திரையில் இரைப்பைக்கு அருகில் கரிய வட்டங்கள் திராட்சைக் குலைபோல நெருங்கித் தெரிந்தன. ஏறக்குறைய அறிக்கையில் எழுதியிருந்த 'கட்டி'யைப்போலத்தான் அவையும் இருந்தன. அவர் ஒரு பொத்தானை அழுத்தியதும் அந்த வட்டங்கள் ஒவ்வொன்றிலும் நீலமும் சிவப்பும் நிரம்பி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து ஓடத் தொடங்கின. இன்னொரு பொத்தானை அழுத்தியபோது ஒலிபெருக்கியிலிருந்து இடைவிடாத ஒரு இரைச்சல் வந்தது. தமனியில் கேட்கும் துடிப்புச் சத்தம்போல விட்டு விட்டு வராமல், சீராக ஒரே சுதியில் வந்தது. "என்ன சத்தம் சார் அது?" என்று அம்மா கேட்டார். "உங்க ரத்தம் ஓடுற சத்தம்மா" என்றார் மருத்துவர். ஸ்கேன் அறைக்கு வெளியே அப்பாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஓடுதுப்பா" என்பதுதான்.

அந்த நிறங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பு நல்ல இரத்தம், நீலம் கெட்ட இரத்தம் என்று அறிக்கைப் படத்தைப் பார்த்த உறவினர் பலரும் நினைத்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்குச் சிவப்பு, விலகிப் போகும் ஓட்டத்துக்கு நீலம் என்பது வழக்கமான ஏற்பாடு, அவ்வளவுதான். அம்மாவுக்கு இருந்தது கல்லீரல் இறுகியதால் வந்த போர்ட்டல் அழுத்த நோய், அதாவது கல்லீரலுக்குள் போகும் சிரையில் அழுத்தம் ஏறும் நோய். இந்த நோயில் ஓட்டத்தின் திசைக்கு மிகுந்த முக்கியத்துவம் உண்டு. ஏனென்றால் கல்லீரலை நோக்கிப் போக வேண்டிய இரத்தம் முற்றிய நிலையில் கல்லீரலை விட்டுத் திரும்பி ஓடக்கூடும்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. குடலின் சிரையும் மண்ணீரல் சிரையும் கணையத்துக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து போர்ட்டல் சிரையாகிக் கல்லீரலுக்குள் நுழைகின்றன. கல்லீரல் இறுகிச் சுருங்கும்போது அந்தப் பாதையில் தடை ஏற்பட்டுப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. கழுத்துச் சிரை வழியாகக் குழாய் செலுத்திக் கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளப்பார்களாம். அது இயல்பில் 1 முதல் 5 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும், 10-ஐத் தொட்டால் இந்தச் சிரைகள் உருவாகத் தொடங்கும், 12-ஐத் தாண்டினால் வெடித்து இரத்தம் கசியும் ஆபத்து வரும் என்று மருத்துவர் விளக்கினார். அந்தப் பரிசோதனை அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. படங்களே போதுமான சாட்சியாக இருந்தன. நான் இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது, ஐம்பது வருடமாகக் கண்மாய்ப் பாசனத்தில் விவசாயம் பார்க்கும் அப்பா, "மடை அடைச்சுக்கிட்டா தண்ணி சும்மா நிக்குமா? கரையில எங்க பலமில்லையோ அங்க அரிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கரையின் பலமில்லாத இடங்கள் எவை என்பதும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் அமைகின்றன. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி, இரைப்பையின் மேல் முகடு, மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகச் சிரைக்கும் நடுவில் உள்ள இடம், தொப்புளைச் சுற்றிய பகுதி, மலக்குடல் ஆகியவைதான் அவை. பிறந்ததும் மூடிப்போக வேண்டிய தொப்புள் பாதையை ஒட்டிய சிரை சிலருக்கு மறுபடியும் திறந்துகொண்டு, வயிற்றின் மேல் நீல நரம்புகளாகப் படரும். இங்கே 'நரம்பு' என்று எழுதும்போதே எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. நம் பேச்சு வழக்கில் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சி நரம்பையும் நரம்பு என்கிறோம். "வயித்து நரம்பு வீங்கியிருக்காம்" என்ற செய்தி ஊரில் பரவியதும், நரம்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லி மூன்று பேர் முகவரி கொடுத்தார்கள். அதனால் இந்த நோயைப் பற்றிப் பேசும்போது இரத்தக் குழாய் என்றே சொல்வது நல்லது. இப்படிப் புடைத்துப்போன சிரைகளை மருத்துவமனையில் வேரிசஸ் என்று சொல்வார்கள்.

அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அவருக்கு 18 வருடமாகச் சர்க்கரை நோய்; கல்லீரலில் கொழுப்பு படிந்து, அழற்சியாகி, வடுவாகி, சிர்ரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கம் வரை போயிருந்தது. வலி கிடையாது, மஞ்சள் காமாலை கிடையாது. ஒரே ஒரு அடையாளம் முன்னதாகவே வந்திருந்தது, அதை நாங்கள் தவறவிட்டோம். 2019-இல் காய்ச்சல் வந்தபோது பிளேட்லெட் 1,04,000 என்று வந்தது. டெங்குவாக இருக்கும் என்று பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கஷாயமும் கொடுத்தோம். காய்ச்சல் போயிற்று, ஒரு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையிலும் பிளேட்லெட் ஏறவில்லை, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பெருத்த மண்ணீரல் தட்டணுக்களைத் தனக்குள் தேக்கி வைத்துக்கொள்ளும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. சர்க்கரை நோயுள்ள ஒருவருக்குக் காய்ச்சல் போன பிறகும் பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழேயே நின்றால், வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்து மண்ணீரலையும் கல்லீரலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் இதை எழுதுவதற்கு முதல் காரணமே இதுதான்.

டாப்ளருக்குப் பிறகு மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. தேவைப்பட்டது. சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் இரத்த அளவான கிரியேட்டினின் அம்மாவுக்கு 1.2 இருந்ததால் எங்களுக்கு அச்சம் இருந்தது. சிறுநீரக மருத்துவரிடமும் கருத்துக் கேட்டு, குளுக்கோஸ் கலக்காத உப்பு நீர் ஏற்றி, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை 2 நாள் நிறுத்தச் சொல்லி எடுத்தார்கள். 2 நாள் கழித்துக் கிரியேட்டினினை மறுபடியும் பார்த்தார்கள். இந்த ஏற்பாடு ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை மாத்திரையைப் பற்றியும் சிறுநீரக அளவைப் பற்றியும் ஸ்கேன் மையத்தின் வரவேற்பில் சொல்வதோடு விட்டுவிடாமல், ஊசி போடுபவரிடமும் ஒருமுறை சொல்வதே எங்கள் வழக்கம்.

இந்த சி.டி.யில் நேரம்தான் எல்லாம். கையில் ஊசி வழியாக மருந்து ஏறியதும் முதல் அரை நிமிடத்தில் தமனிகள் ஒளிரும். அது குடலையும் மண்ணீரலையும் சுற்றி வந்து போர்ட்டல் சிரைக்குள் நிறைய ஏறக்குறைய 70 விநாடி ஆகும். அந்த இரண்டாவது கட்டத்துப் படம் இல்லாமல் இந்தச் சிரைகளைத் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆகவே ஸ்கேனுக்கான சீட்டில் வெறுமனே "வயிறு சி.டி." என்று எழுதியிருந்தால், போர்ட்டல் அழுத்தம், வேரிசஸ் என்ற காரணத்தையும் சேர்த்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் படம் எடுப்பவர் அதற்கேற்ற நேரத்தில் எடுப்பார்.

கதிரியக்க மருத்துவர் பெருந்தன்மையானவர். என்னைத் தன் கணினியின் அருகில் நிற்க வைத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். பழையதில் இடது சிறுநீரகத்துக்கு மேலே மூன்று சாம்பல் வட்டங்கள். புதியதில் அதே வட்டங்கள் போர்ட்டல் சிரையின் அளவுக்கே வெளிச்சமாக இருந்தன. பிறகு சுட்டியின் சக்கரத்தை மெதுவாக உருட்டினார். ஒரு வட்டம் அடுத்த படத்தில் சற்றே இடப்பக்கம் நகர்ந்தது, அதற்கடுத்த படத்தில் நீண்டது, பக்கத்து வட்டத்தோடு சேர்ந்தது, வளைந்து இறங்கி இடது சிறுநீரகச் சிரையில் போய்க் கலந்தது. நெறிக்கட்டி என்றால் நாலைந்து படங்களுக்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். குழாய் என்றால் உருட்ட உருட்ட ஓடிக்கொண்டே இருக்கும் என்றார். மூன்று நெறிக்கட்டிகள் என்று அச்சிடப்பட்டிருந்தவை ஒரே குழாயின் மூன்று வளைவுகள். இரைப்பையின் முகட்டிலிருந்து சிறுநீரகச் சிரைக்கு உடல் தானாகவே வெட்டிக்கொண்ட குறுக்கு வாய்க்கால் அது; சுண்டுவிரலைவிடத் தடிமனாக இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்: "அம்மாவுக்கு மறதி, பகல்ல தூக்கம், பேச்சுத் தடுமாற்றம் ஏதாவது இருக்கா?" எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு வருடமாகவே அம்மா பகலில் தூங்கி இரவில் விழித்துக்கொண்டிருந்தார். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டார். முப்பது வருடமாக வாசலில் 15 புள்ளிக் கோலம் போட்டவருக்கு, அதற்கு முந்தைய மார்கழியில் 7 புள்ளிக்கே கோடு கோணிப்போயிற்று. பாதியில் அழித்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். வயதாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். குடலிலிருந்து வரும் அம்மோனியா போன்ற கழிவுகளைக் கல்லீரல்தான் வடிக்க வேண்டும். இரத்தம் குறுக்கு வாய்க்கால் வழியே கல்லீரலைத் தொடாமல் போனால் அவை மூளைக்குப் போய்ச் சேரும். மருத்துவர் அம்மாவிடம், பேருந்தை நிறுத்துவதற்குக் காட்டுவதுபோல இரண்டு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மடக்கச் சொன்னார். விரல்கள் பறவை இறகுபோலப் படபடத்தன. ஒரு வருடத்து மறதிக்கான காரணம் அந்தப் படத்தில் ஒரு வளைந்த கோடாக இருந்தது. லாக்டுலோஸ் என்னும் மலமிளக்கி சிரப் கொடுக்கத் தொடங்கிய இரண்டு வாரத்தில் பாதி சரியாயிற்று.

இவ்வளவு தெளிவாக சி.டி. காட்டிய பிறகும் எண்டோஸ்கோப்பி எதற்கு என்று நான் கேட்டேன். குழாய்கள் எங்கே தொடங்கி எங்கே போகின்றன என்ற வரைபடத்தை சி.டி. தரும், ஆனால் உள்சுவரில் தோல் மெலிந்து செந்நிறக் கோடுகளாகத் தெரியும் அபாய அடையாளங்களைக் கண்ணால் பார்க்கும் எண்டோஸ்கோப்பிதான் காட்டும் என்று மருத்துவர் சொன்னார். அம்மாவுக்கு உணவுக்குழாயில் சிறிய சிரைகளும், அவற்றின் தொடர்ச்சியாக இரைப்பை முகட்டில் பெரிய சிரைகளும் இருந்தன. அறிக்கையில் இந்த வகைக்கான குறியீடாக "ஜி.ஓ.வி. 2" என்று இருந்தது. இந்த வகைப்பாட்டை வகுத்தவர் டில்லியைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் எஸ்.கே. சரின், 568 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1992-இல் அவர் குழுவினர் வெளியிட்ட பகுப்பு இன்று உலகம் முழுவதும் வழக்கத்தில் இருக்கிறது. இரைப்பைச் சிரைகள் எந்த வகை என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறுகிறது. உணவுக்குழாய்ச் சிரைகளுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள். முகட்டுச் சிரைகளுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது, பசை ஊசி போடுவார்கள். அம்மாவுக்கு இருந்ததுபோல அகலமான குறுக்கு வாய்க்கால் இருந்தால், அந்தப் பசை ஓட்டத்தோடு நழுவி நுரையீரல் வரை போய்விடும் அபாயம் உண்டு. ஆகவே பசை போடுவதற்கு முன்னால் சி.டி. பார்த்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

எல்லோருக்கும் உடனே எண்டோஸ்கோப்பி வேண்டும் என்பதும் இல்லை. இத்தாலியில் பவேனோ என்னும் ஊரின் பெயரால் நடக்கும் நிபுணர் மாநாடுகளில், 2015-இல் ஒரு எளிய அளவுகோல் சொல்லப்பட்டது: ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரல் விறைப்பு 20 கிலோபாஸ்கலுக்குக் குறைவாகவும், பிளேட்லெட் 1,50,000-க்கு மேலாகவும் இருந்தால், பெரிய வேரிசஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, எண்டோஸ்கோப்பியைத் தள்ளிவைக்கலாம். அம்மாவின் விறைப்பு 34 இருந்தது. ஃபைப்ரோஸ்கேனுக்கு முன்னால் குறைந்தது 3 மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் எண் கூடிக் காட்டும்.

டாப்ளருக்கும் வெறும் வயிறு அவசியம். நாங்கள் 6 மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்கிறோம். சாப்பிட்டவுடன் குடலுக்குப் போகும் இரத்தம் கூடி, போர்ட்டல் சிரையின் ஓட்ட அளவே மாறிவிடும்; வயிற்றில் வாயு நிறைந்தால் பின்னால் இருக்கும் சிரைகளும் மறைந்துபோகும். ஒருமுறை அம்மா காலையில் ஒரு டம்ளர் காபி மட்டும் குடித்துவிட்டு வந்ததில், "வாயு காரணமாகச் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதி மறுபடியும் வரச் சொல்லிவிட்டார்கள். சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றோடு மதியம் வரை காத்திருப்பது ஆபத்து. முதல் ஆளாகக் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், அன்றைய சர்க்கரை மருந்தை என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், பையில் பழச்சாறும் பிஸ்கட்டும் வைத்திருங்கள். டாப்ளர் என்பது பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. கருவியைச் சாய்க்கும் கோணம் மாறினால் வேக அளவும் மாறும். முடிந்தவரை ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து பார்ப்பதே ஒப்பிட உதவும்.

அறிக்கை கையில் வந்ததும் நான் சில விவரங்களைத் தேடுவேன். போர்ட்டல் சிரையின் அகலம் எவ்வளவு (13 மி.மீ. வரை இயல்பு என்பார்கள், அம்மாவுக்கு 14), ஓட்டம் கல்லீரலை நோக்கியா எதிர்த் திசையிலா, வேகம் எவ்வளவு (அம்மாவுக்கு விநாடிக்கு 11 செ.மீ., மிகவும் மந்தம்), சிரைக்குள் இரத்த உறைவு உண்டா, கல்லீரலை விட்டு வெளியேறும் சிரைகள் திறந்திருக்கின்றனவா, மண்ணீரல் நீளம், வயிற்றில் நீர், கல்லீரலில் புதிய புள்ளி ஏதாவது. இவற்றில் ஒன்று எழுதாமல் விடப்பட்டிருந்தால் அங்கேயே நின்று கேட்கிறேன். யாரும் இதுவரை கடிந்துகொண்டதில்லை. உறைவு உண்டா என்ற கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். மந்தமாக ஓடும் இரத்தம் உறையக்கூடியது. கல்லீரல் நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கும் போர்ட்டல் சிரை அடைபட்டால் இதே வேரிசஸ் வரும். அதேபோல் கணைய அழற்சியால் மண்ணீரல் சிரை மட்டும் அடைபட்டால், கல்லீரல் நோயே இல்லாமல் இரைப்பையில் மட்டும் சிரைகள் பெருக்கும். எந்த இடத்தில் அடைப்பு என்பதைப் படம்தான் பிரித்துச் சொல்கிறது.

2023 ஜனவரியில், பொங்கல் கழிந்த நான்காம் நாள், அம்மாவின் மலம் தார்போலக் கறுத்தது. அன்று மாலையே கருஞ்சிவப்பாக வாந்தி எடுத்தார். நாங்கள் வண்டி பிடிக்கும்போதே தங்கை கையில் ஒரு துணிப்பையைத் திணித்தாள். அதில் படங்கள் முழுவதும் இருந்த சி.டி. வட்டும் பென்டிரைவும் இருந்தன. பெரிய பிலிம் தாள்களில் மையத்தினர் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். உருட்டிப் பார்ப்பதற்கு வட்டுதான் வேண்டும். ஸ்கேன் எடுத்த அன்றே அதைக் கேட்டு வாங்கி, வட்டு கீறிப்போகும் என்பதால் பென்டிரைவிலும் பிரதி எடுத்து வைத்திருந்தோம். அழுத்தத்தைக் குறைக்கும் ஊசியிலும் நோய்த்தொற்று மருந்திலும் இரத்தப்போக்கு கட்டுப்பட்டது. "இன்னும் நாலு பாட்டில் ரத்தம் ஏத்துங்க" என்று மாமா மன்றாடினார்; ஹீமோகுளோபின் 7-லிருந்து 8-க்குள் நின்றால் போதும், அளவுக்கு மீறி ஏற்றினால் அழுத்தம் ஏறி மறுபடியும் கசியும் என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

இரவு 11 மணிக்கு, ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே இரத்தக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர் எங்கள் பென்டிரைவைச் செருகி, அந்தக் குறுக்கு வாய்க்காலை முனையிலிருந்து முனை வரை அளந்தார். எங்கே குறுகலாக இருக்கிறது, எந்த அளவு அடைப்பான் வேண்டும் என்பதை அந்தப் பழைய படத்திலேயே கணித்துவிட்டார். அம்மா நிலையாக இருந்ததால் காலையில் ஒரு டாப்ளர் மட்டும் பார்த்து, புதிய உறைவு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். தொடைச் சிரை வழியாக நுழைந்து, இடது சிறுநீரகச் சிரையை அடைந்து, அங்கிருந்து வாய்க்காலுக்குள் ஓட்டத்துக்கு எதிராக ஏறி, உலோக அடைப்பானை வைத்து, பின்னால் உள்ள சிரைகளை ஜெல் துண்டுகளால் நிரப்பி அடைக்கும் முறை அது. பலூன் வைத்து அடைக்கும் முறையை 1990-களில் ஜப்பானிய மருத்துவர்கள் நிலைநாட்டினார்கள். அடைப்பான் வைக்கும் இந்த மாற்று வழி கொரியாவிலிருந்து வந்தது, பார்ட்டோ என்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்தார்கள். பத்தாம் நாள் எடுத்த சி.டி.யில், முன்பு வெள்ளையாக ஒளிர்ந்த இரைப்பைச் சிரைகள் மருந்து ஏறிய பிறகும் ஒளிராமல் சாம்பலாகவே கிடந்தன. 2021-இல் எங்களைத் தூங்கவிடாமல் செய்த அதே சாம்பல் நிறம்தான். இம்முறை அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

ஆனால் ஒரு வழியை அடைத்தால் அழுத்தம் வேறு வழி தேடும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள், அப்படியே நடந்தது. நாலாம் மாத எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ச் சிரைகள் பெருத்திருந்தன. மூன்று முறை வளையம் போட்டார்கள். வயிற்றில் கொஞ்சம் நீர் சேர்ந்து, மாத்திரையில் வடிந்தது. அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரை தொடர்கிறது. நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் வாரம் ஒருமுறை எழுதி வைக்கிறேன். மறதி பெருமளவு நீங்கிவிட்டது. போன மார்கழியில் 11 புள்ளி வரை போட்டார். 15-க்கு இன்னும் போகவில்லை.

6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் டாப்ளரும் எடுக்கிறோம். சிரைகளுக்காக மட்டும் இல்லை, சிர்ரோசிஸ் உள்ள கல்லீரலில் புற்றுநோய் தோன்றினால் சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்காகவும்தான். புதிய ஊரில், புதிய மருத்துவரிடம், அவசரத்தில் போக நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கவலையால், துணிப்பையின் மேல் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: இவருக்குப் போர்ட்டல் அழுத்த நோய் இருக்கிறது, இரைப்பை முகட்டிலும் இடது சிறுநீரகத்துக்கு மேலும் கட்டிபோலத் தெரிபவை அடைக்கப்பட்ட சிரைகள், டாப்ளரோ மருந்து ஏற்றிய சி.டி.யோ பார்க்காமல் சதை எடுக்க வேண்டாம். உள்ளே உலோக அடைப்பான் உண்டு, எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் கவனிக்கவும். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கொடுக்க வேண்டாம். எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எத்தனையோ ஸ்கேன் அறைகளில், இருட்டில் படுத்தபடி, "குடிப்பழக்கம் உண்டா?" என்ற கேள்விக்குத் தலையாட்டி மறுத்தவர் அவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தம்பி, குடிச்சதே இல்லைன்னும் அதுல எழுதிரு" என்றார். அதைக் கடைசி வரியாகச் சேர்த்தேன்.